ஏழு மணியங்களும் என் டேட்டாபேஸும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு வரியை அடித்து எண்பத்தொரு பேரைக் காணாமல் போக்கியிருக்கிறேன். அத்தனை பேரும் எங்கள் சொந்தக்காரர்கள், வேண்டியவர்கள். (போலீசில் யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அன்றைக்கு அம்மாவிடம் வாங்கியதைவிடக் குறைவாகத்தான் கிடைத்திருக்கும்.)

நான் பிடிவாதக்காரன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழிதான் என்று முடிவெடுத்துவிட்டால், அந்த வழி லங்காட் ஆற்றுக்குள் இறங்கினாலும் காடியின் ஸ்டியரிங்கைத் திருப்ப மாட்டேன். இருபத்தாறு வயதில் இதற்கு மன உறுதி என்று பெயர் வைத்திருந்தேன். வீட்டில் வேறு பெயர்கள் இருந்தன.

அப்போது எனக்கு சுபாங் ஜெயாவில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராமர் வேலை. அங்கேதான் தகவல்களைச் சேர்த்து வைக்கும் ஒரு டேட்டாபேஸ் எஞ்சினைப் பார்த்து மயங்கினேன். டேட்டாபேஸ் என்றாலே பெரிய விவகாரம். அதற்குத் தனி சர்வர் வேண்டும், குளுகுளு அறை வேண்டும், அது முறைத்துக்கொண்டால் சமாதானப்படுத்தச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும். இந்தச் சின்ன எஞ்சினுக்கு அதெல்லாம் கிடையாது. யூனிக்ஸ், லினக்ஸ் வகையறா கம்ப்யூட்டர் எதிலும் ஓடும். மொத்தத் தகவலும் ஒரே ஃபைலில் அடங்கும். கறுப்புத் திரையில் எஸ்.க்யூ.எல் மொழியில் ஒரு வரி கேட்டால் உடனே பதில் வரும். கம்பெனியில் தூக்கிப் போட்ட பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, இதையும் போட்டு, வீட்டு மளிகைச் சாமான் முதல் என் சட்டைகள் வரை பதிந்து வைத்திருந்தேன். (நீலச் சட்டை நான்கு. அதில் ஒன்று அப்பாவுடையது.)

அந்த நேரத்தில்தான் என் அக்கா பிரேமாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. வெள்ளிக்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கோயிலில் தாலி, ஞாயிறு மதியம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் விருந்து. இங்கே விருந்து என்றால் வட்ட மேசை, மேசைக்குப் பத்து நாற்காலி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேசை எண். வாசலில் எண்ணைச் சொல்லி உள்ளே அனுப்ப வேண்டும்.

அந்த விருந்தில் அப்பாவுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். பந்திங்கில் இருக்கும் பெரியப்பா. அப்பாவுக்கு ஒரே அண்ணன். கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் நடுவே முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஆறு வருடமாக எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அப்பா அவருக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். கூடப் பிறந்த அண்ணனைத் தட்டு எடுத்துக்கொண்டு நேரில் வந்து அழைக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலால் தட்டி அழைத்துவிட்டானே என்று அவருக்கு மனம் விட்டுப் போயிற்று.

இந்தத் தடவை அப்பா விடவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை பந்திங் போனார். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, நேராகப் பேசாமல் அம்மா வழியாகப் பேசினார்களாம்.

"கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரணும்னு அவர்கிட்ட சொல்லு."

"யோசிச்சுச் சொல்றேன்னு அவன்கிட்ட சொல்லும்மா."

மூன்றாவது ஞாயிறு, "விருந்துக்கு மட்டும் வரேன்னு சொல்லும்மா" என்று பதில் வந்தது. திரும்பும் வழியில் அப்பா ரோட்டோரம் காடியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாராம். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"தினேஷு, பெரியப்பாவுக்கு ரெண்டாம் மேசை. மேடைக்குப் பக்கத்துல. மத்தது எது தப்பானாலும் பரவால்ல. இதுல தப்பு நடந்துச்சு, அப்பறம் ஜென்மத்துக்கும் அவரு வரமாட்டாரு."

"சிஸ்டம் பாத்துக்கும்பா" என்றேன். அவர் முகத்தில் நிம்மதியைக் காணோம்.

அத்தை மகள் யோகி பக்கத்தில்தான் இருந்தாள். கிள்ளானில் நர்ஸ். என்னைவிட ஒரு வயது மூத்தவள், பத்து வயது மூத்தவள் மாதிரி பேசுவாள். "டேய், எக்செல் போதும் லா. இல்லாட்டி ஒரு நோட்டுப் புக்கு. சாப்பாட்டுக்கு மேசை போடறதுக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய ஆர்ப்பாட்டம்?"

எக்செல் என்ற சொல் எனக்குள் எதையோ கிளறிவிட்டது. அந்த நிமிடமே முடிவெடுத்தேன். என்ன ஆனாலும் சரி, அக்கா கல்யாணம் டேட்டாபேஸில்தான் நடக்கும்.

அம்மாவும் அத்தையும் விருந்தாளிகள் பட்டியலை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினார்கள். குடும்பத் தலைவர் பெயர், பக்கத்தில் எத்தனை பேர். நூற்று நாற்பது குடும்பம், நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஆனால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் அடைப்புக்குறி தொங்கியது. கிருஷ்ணன் (ரெண்டு பொண்டாட்டி). லெட்சுமி (சிரிக்காது). மணியம் (ரயில்வே). மணியம் (பல்லு). மணியம் (கோழி).

என் கண்ணுக்கு அது அலங்கோலமாகப் பட்டது. டேட்டாபேஸுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நாளைக்குத் திரையில் "சிரிக்காது" என்று வந்து, அந்த ஆன்டியே அதைப் படித்துவிட்டால்? நான்கு வரி ஸ்கிரிப்ட் எழுதி, அடைப்புக்குறிகளையும் அவற்றுக்குள் இருந்ததையும் சுத்தமாகத் துடைத்து எடுத்தேன்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எங்கள் கொள்ளுத் தாத்தாக்களும் பாட்டிகளும் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க மொத்தம் நாலைந்து சாமிகளைத்தான் நம்பினார்கள். ஒரு மணியத்தை இன்னொரு மணியத்திடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்த அடைப்புக்குறி மட்டும்தான். கிள்ளானில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அன்றைக்கு மட்டும் நான் கிள்ளான்காரனாக இல்லை, டேட்டாபேஸ் நிபுணனாக இருந்தேன்.

நிபுணன் அடுத்து ஒரு விதி போட்டான். ஒரே பெயர் இரண்டு தடவை வரக்கூடாது. எஞ்சின் பாவம், நேர்மையானது. மணியம் மறுபடி வந்ததும் நின்றுவிட்டது. இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று எனக்குத் தெளிவாகச் சொன்னது. கிருஷ்ணனில் நின்றது. லெட்சுமியில் நின்றது. வீட்டில் மற்றவர்கள் 'எந்த மணியம்?' என்று வாயால் கேட்பதை அது எழுத்தில் கேட்டது. கொஞ்சம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும். நான் எங்கே யோசித்தேன்? அம்மாவும் அத்தையும் ஒரே ஆளை ஆளுக்கொரு தடவை எழுதிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். 'ஏற்கெனவே இருந்தால் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வை' என்று கட்டளையை மாற்றினேன். அதற்கு ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். எஞ்சின் வாயை மூடிக்கொண்டது. ஒவ்வொரு மணியமாக வந்து முந்தைய மணியத்தின் மேல் உட்கார்ந்தார்கள். கடைசியில் மிஞ்சியவர் கோழிக்கடை மணியம்.

மொத்தம் பார்த்தேன். நூற்றுப் பதின்மூன்று குடும்பம், முந்நூற்று முப்பத்தொரு பேர்.

"ம்மா, நீங்களும் அத்தையும் எண்பத்தோரு பேர ரெண்டு தடவ எழுதியிருக்கீங்க" என்றேன்.

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினார். "நாங்க ரெண்டு நாளு உக்காந்து பாத்தோமேடா."

"மனுசங்க கண்ணு தப்புப் பண்ணும்மா. மெஷின் பண்ணாது."

"எனக்கென்னமோ கணக்கு இடிக்குது" என்றார் அம்மா. நான் அதைப் பொருட்படுத்தாமல் கேட்டரிங் அங்கிளுக்குப் போன் போட்டு, நாற்பத்திரண்டு மேசையை முப்பத்து நான்காகக் குறைத்தேன். பிறகு அப்பா சொன்ன முக்கியமான வேலையைச் செய்தேன். பெயர் மணியம் என்றால் மேசை இரண்டு என்று அடித்தேன். (பெரியப்பாவை நான் பெயர் சொன்னது பிறந்ததிலிருந்து அந்த ஒரு தடவைதான்.) ஒரு பதிவு மாறியது என்று எஞ்சின் சொன்னது. அன்று சாயங்காலம் முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குடும்பப் படம் எடுக்க என்னை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டதால், லேப்டாப்புடன் யோகியை வாசலில் உட்கார வைத்தேன். பெயரை அடித்தால் மேசை எண் வரும்படி எல்லாம் தயார்.

"திரை என்ன சொல்லுதோ அதச் சொல்லு. நீயா மூளைய உபயோகிக்காத" என்றேன்.

"சரிங்க பாஸ்" என்றாள் யோகி. அந்த மரியாதையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் படம் எடுக்கும்போது பையில் போன் அதிர்ந்தது. 'டேய், ரெண்டாவது மணியம். இவருக்கும் ரெண்டாம் மேசையா?' படமெடுப்பவர் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சரியாகப் படிக்காமலேயே 'சிஸ்டம் சொல்றத செய்' என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு போன் நாலைந்து தடவை அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை.

அக்கா கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் மீதியை நீங்களே தெரிந்துகொள்ளலாம். முதல் படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். மூன்றாவதில் கண் மட்டும் இரண்டாம் மேசைப் பக்கம் போகிறது. அங்கே சட்டைப் பையில் மூன்று பேனா செருகிய ரயில்வே மணியம் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது படம் எடுக்கும்போது பல்லு மணியமும் கோழி மணியமும் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்த பேக்டரி மணியம் இரண்டு பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஏழாவது படத்தில் என் வாய் திறந்திருக்கிறது. பத்துப் பேர் உட்காரும் மேசையில் ஆறு மணியங்கள், இருபத்து மூன்று தலைகள். பன்னிரண்டாம் மேசையில் கிருஷ்ணன்கள். இருபதாம் மேசையில் லெட்சுமிகள். உட்கார இடம் கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. மேடைக்குப் பின்னால் ஓடி கேட்டரிங் அங்கிளைப் பிடித்து எட்டு மேசை கேட்டேன்.

"நீதானே தம்பி வேணாம்னு சொன்ன? மேசையெல்லாம் லோரி ஏறி காப்பார்ல வேற விருந்துக்குப் போயிருச்சு" என்றார்.

திரும்பி வந்தால், மண்டபத்தின் நடுவே பெரியப்பா வந்துகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி, பின்னால் பெரியம்மா. யோகியே கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"பெரிய மாமான்னே கூப்புட்டுப் பழகிட்டேன்டா" என்று என் காதில் சொன்னாள். "அவரு பேரும் மணியம்னு இப்பதான் ஒறச்சுது."

பெரியப்பா இரண்டாம் மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என் பேரு இல்லையா?"

"இருக்கு பெரியப்பா."

"அப்பறம்?"

"கொஞ்சம் நெறைய இருக்கு."

கோழி மணியம் அங்கிள் பாதி எழுந்து கை காட்டினார். "அண்ணே, நீங்களும் மணியமா? வாங்க வாங்க. இங்க பேரு வாரியா உக்கார வெச்சிருக்காங்க. புது ஸ்டைல் லா." மேசையே சிரித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை.

"அப்ப வாட்ஸ்அப்பு. இப்ப இது" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

மேடையில் அப்பா அக்காவுக்குப் பக்கத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்போது இருந்ததை என்னால் எழுத முடியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமையும் என் ஒரு வரியில் போய்விட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓடிப்போய்ப் பெரியப்பாவுக்கு முன்னால் நின்று வழியை மறித்தேன்.

"பெரியப்பா, தப்பு என்னுது. அப்பா என்கிட்ட சொன்னது ஒன்னே ஒன்னுதான், ஒங்களுக்கு ரெண்டாம் மேசைன்னு. யாருக்கும் தெரியாதது எனக்கு மட்டும் தெரியும்னு ஆடுனேன். என்னை நாலு அறை வேணா விடுங்க. அப்பாவுக்காகவாச்சும் போயிடாதீங்க."

கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். அவர் நின்றார். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. அதற்குள் அப்பா, பட்டு வேட்டியோடு, ஒரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்துவிட்டார்.

"அண்ணே" என்றார். ஆறு வருடத்தில் அவர் அண்ணனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

சரியாக அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல். "தம்பி, எங்களுக்கு இருபதாம் மேசைன்னு சொன்னாங்க. அங்க ஒரே லெட்சுமியா இருக்கு. நாங்க எங்க ஒக்காரது?" சிரிக்காத லெட்சுமி ஆன்டி, நான்கு பேருடன். அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றவர்களின் வரிசை வாசல் வரைக்கும் போயிருந்தது.

பெரியப்பா அந்த வரிசையைப் பார்த்தார். மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார்.

"எத்தன பேரு நிக்கிறாங்க?"

"எண்பது இருக்கும் பெரியப்பா."

"மேசை எத்தன?"

"முப்பத்து நாலு."

"நாப்பத்து நாலு சீட்டு பஸ்ஸுல காலங்காத்தால நூறு பேர ஏத்தி, ஒருத்தர் விடாம பேக்டரி வாசல்ல எறக்கியிருக்கேன். இதுக்குப் போயி ஏன்டா அழுவுற?"

தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தார். அப்பா தூக்கி வந்த நாற்காலியை வாங்கி லெட்சுமி ஆன்டிக்குப் போட்டார். அப்புறம் மண்டபம் முழுவதும் கேட்டது அவர் குரல் ஒன்றுதான். "மேசைக்கு ரெண்டு பேரு சேத்துக்குங்க. நகரு, நகரு, உள்ள போ. நடுவுல நிக்காத. மணியமெல்லாம் எந்திரி. நீ ஆறு, நீ ஒம்பது, கோழிக்கடை, நீ பதினஞ்சுக்குப் போ." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவரை ஜென்மத்தில் பார்த்திராத மாப்பிள்ளை வீட்டு அங்கிள்கள்கூட எழுந்து, நாற்காலியை நகர்த்தி, ஒடுங்கி உட்கார்ந்தார்கள்.

மண்டபத்து ஸ்டோரிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை நானும் அப்பாவும் சுமந்தோம். "தம்பி, இங்க ரெண்டு போடு" என்று பெரியப்பா கத்துவார். அப்பா இரண்டு நாற்காலியோடு ஓடுவார். "தம்பி, அந்தப் பக்கம் ஒன்னு." அப்பா மறுபடி ஓடுவார். வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்த அப்பா சிரித்துக்கொண்டே இருந்ததை முதலில் கவனித்தவர் அம்மாதான். அவர் நின்ற இடத்திலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை வேறு வகை.

அரை மணி நேரத்தில் விருந்தாளிகள் ஒருவர் பாக்கியில்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள். இடமில்லாமல் மிஞ்சியது நான்கே பேர். பெரியப்பா, அப்பா, யோகி, நான். சமையல்காரர்கள் பாத்திரம் வைக்கும் நீட்டு மேசையில் எங்களுக்கு இலை போட்டார்கள்.

"சோறு இருக்கு, ரசம் இருக்கு. மட்டன் பெரட்டல் முடிஞ்சிருச்சு" என்றார் கேட்டரிங் அங்கிள், என்னை மட்டும் பார்த்து.

அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டார்கள். அப்பா தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்துப் பெரியப்பா இலையில் வைத்தார். பெரியப்பா அதை உடைத்துப் பாதியைத் திரும்ப வைத்தார். பிறகு தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பிள்ளைய நல்லாப் படிக்க வெச்சிருக்க" என்றார் அப்பாவிடம்.

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. இருமினாரா சிரித்தாரா தெரியவில்லை. பெரியப்பா அவர் தலையில் தட்டிக்கொண்டே இருந்தார். யோகி மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நான் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது?

அதற்கப்புறம் அந்த எஞ்சினை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொல்ல வேண்டியதை அது சொன்னது, கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. இன்றைக்கும் என் வேலையில் பாதி அதில்தான் ஓடுகிறது. அது ஒன்றை மறுத்தால் இப்போதெல்லாம் எழுந்து போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்துதான் மேலே கை வைக்கிறேன். ஆனால் எங்கள் சொந்தத்தில் ஒரு விசேஷம் என்றால், நான் லேப்டாப் பையோடு வருகிறேனா என்று வாசலிலேயே சோதித்துப் பார்க்கிறார்கள். என் கல்யாணத்துக்கு மேசை போட்டது பெரியப்பா. ஒரு பேப்பர்கூட வைத்துக்கொள்ளாமல் போட்டார்.

இப்போது அவர் மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருகிறார். கேட் திறந்துதான் இருக்கும். ஆனாலும் வெளியே நின்று, "என் பேரு இருக்கான்னு பாரு" என்று எனக்குக் குரல் கொடுப்பார். நான் ஓடிவந்து, "இருக்கு பெரியப்பா" என்று சொன்னால்தான் உள்ளே வருவார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூட இது மனப்பாடம்.

போன தீபாவளிக்கு அவர் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல வெளியே நின்று கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை. மறுபடி கேட்டார். நான் ஈரத்தலையோடு ஓடி வருவதற்குள், முட்டி வலியில் எழுந்திருக்கவே யோசிக்கும் அப்பா, எனக்கு முன்னால் வாசலுக்குப் போயிருந்தார்.

"மொதப் பேரே ஒங்களுதுதான்ணே" என்றார். "உள்ள வாங்க."